கடுகுக்கு வயிறு சரியில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் வீட்டில் காபி வாசனை வரும். எங்கள் வீட்டில் பினாயில் வாசனை. சோபாவுக்கு அடியில், பூஜை அலமாரிக்கு முன்னால், போதாக்குறைக்கு நான் துவைத்துக் காயவைத்துப் போட்ட கால்மிதியில் என்று இடம் பார்த்துப் பார்த்து வாந்தி எடுத்து வைத்திருந்தது கடுகு. எடுத்து முடித்துவிட்டுக் காதை மடக்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்திருந்தது. நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் வரவில்லை. குனிந்து துடைக்க ஆரம்பித்தேன். இடுப்பும், ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையும் சேர்ந்துகொண்டு என்னைத்தான் திட்டின.

கடுகு எங்கள் நாய். குட்டைக் கால், நீள உடம்பு. மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும் கன்னங்கரேல் என்று இருக்கும், மருந்துக்குக்கூட ஒரு வெள்ளை முடி கிடையாது. என் மகள் அம்ருதா வேலைக்குப் போன புதிதில் ஆசைப்பட்டு வாங்கி வந்தாள். பிறகு கல்யாணம் ஆயிற்று, டொராண்டோ போனாள். நாயை அப்புறம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. வாரம் தவறாமல் வீடியோவில் வந்து, "கடுகுச் செல்லம்" என்று கொஞ்சுவாள். அது போனை மோந்து பார்த்துவிட்டுத் தும்மும். துடைப்பது, கழுவுவது, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் இந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் என்றால் நானும் என் கணவர் வெங்கடகிருஷ்ணனும். மல்லேஸ்வரத்தில் அவருடைய தாத்தா கட்டிய வீடு. மூன்று தலைமுறையாக சர்க்கார் சம்பளம் சாப்பிட்ட குடும்பம். இவரும் மின்சார வாரியத்தில் என்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர்தான். சாமி, ஜோசியம், சகுனம் எதையும் கிட்டே சேர்க்க மாட்டார். நான் விளக்கேற்றிக் கும்பிட்டால், "கரண்ட் இல்லாத ஒயருக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரிப்பார். நாய் மேலும் பெரிய பிரியம் இருந்ததில்லை. காலைச் சுற்றினால் தள்ளிவிடுவார், அவ்வளவுதான்.

போன வருஷம் முழுக்க இந்த வீட்டில் வாந்தி எடுத்தது நான். மார்பில் கட்டி, ஆபரேஷன், அப்புறம் கீமோ, அப்புறம் ரேடியேஷன். முடி கொட்டி, நாக்கு செத்து, தண்ணீர் குடித்தால் தகரம் நக்கின மாதிரி இருந்தது. எண்ணெய் காயும் வாசனை வந்தாலே குடலைப் புரட்டும். அதனால் வீட்டில் வாணலி ஏற்றுவதையே நிறுத்திவிட்டோம். எல்லாம் முடிந்துவிட்டது என்று மூச்சுவிட்ட சமயத்தில் ஒரு ஸ்கேனில் நுரையீரல் பக்கம் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், கொஞ்ச நாள் விட்டு மறுபடி பார்த்துவிடலாம் என்றார்கள். கொஞ்ச நாள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதைக் கழிக்க வேண்டியது நாங்கள்.

அந்த நாட்களில் இந்த மனுஷர் என்னிடம் பேசிய பேச்சை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். மாத்திரை போட்டாயா, ஆட்டோ வந்துவிட்டது, டாக்டர் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான். பயமாக இருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன். ஒருவேளை அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. கடுகு கேட்காமலே வந்து உட்காரும். நான் வாஷ்பேசினில் குனிந்துகொண்டு ஓங்கரிக்கும்போது காலடியில் உட்கார்ந்து, முடியும் வரைக்கும் நகராது. படுத்தால் கால்மாட்டில் படுக்கும். அதன் சூடு பாதத்தில் பட்டுக்கொண்டிருந்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது. அந்த வருஷத்தை நான் தாண்டி வந்ததில் பாதி அந்த நாயால்தான். இதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

அப்பேர்ப்பட்ட நாய்க்குத்தான் இப்போது வயிறு சரியில்லை. நாலு நாள் நன்றாக இருக்கும், மறுபடி வாந்தி, பேதி. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நடுங்கும். மனுஷர்களுக்குத் தடவுகிற கோடாலித் தைலத்தை அதற்குத் தடவ முடியாதே. காய்கறிப் பையில் ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டு, அதில் உட்காரவைத்து, ஆட்டோவுக்கு நிற்பேன். நாயைப் பார்த்ததும் பாதி ஆட்டோக்காரர்கள் மீட்டரைத் தொடாமலே போய்விடுவார்கள். நிற்கிறவர் சீட்டில் ஏதாவது பண்ணிவிடுமா என்பார். பண்ணாது என்று நான் பொய் சொல்வேன். வழியெல்லாம் அதன் வாயைப் பார்த்துக்கொண்டே போவேன்.

ஆச்சரியம் என்னவென்றால், கிளினிக்குக்கு என் கணவரும் கூட வர ஆரம்பித்திருந்தார். நான் கூப்பிடவே இல்லை. பையை அவரே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். போகப் போக மனுஷருக்கு நாய் மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வயசானால் கல்லும் கரையும் போலிருக்கிறது என்று அம்ருதாவிடம்கூடச் சொன்னேன்.

டாக்டர் பெயர் ஜோவிதா. மங்களூர்க்காரப் பெண். என் மகள் வயசுதான் இருக்கும். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து இங்கிலீஷில் முடிப்பாள். கிளினிக் பெஞ்சில் எந்நேரமும் கூட்டம். ஒரு பக்கம் ஆட்டுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய், இன்னொரு பக்கம் கூடைக்குள்ளிருந்து சீறும் பூனை. நடுவில் நாங்கள், காய்கறிப் பையோடு. முதல் தடவை அவள் வேகவைத்த சிக்கனும் சாதமும் கொடுக்கச் சொன்னாள். எங்கள் வீட்டில் அது நடக்காது, வேறு சொல் என்றேன். சிரித்துவிட்டு, குழைந்த சாதம், ஆடை எடுத்த தயிர், பூசணிக்காய் வேகவைத்து மசித்தது என்று எழுதிக் கொடுத்தாள். எண்ணெய், நெய், இனிப்பு மட்டும் வாசனைகூடக் காட்டக் கூடாது என்றாள். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு நோயாளிக்கும் ஒரே சமையல். எனக்கு உப்புப் போட்டு, அதற்கு உப்பில்லாமல்.

அத்தனை பத்தியம் இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து நின்றோம். ஊசி போட்டுவிட்டு ஜோவிதா, நான் எப்போதும் ஞாயிற்றுக்கிழமையே வருகிறேனே, அது ஏன் என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. லீவு நாளில் வந்து தொந்தரவு பண்ணுகிறேன் என்று குத்திக்காட்டுகிறாளாக்கும் என்று நினைத்தேன். நாய்க்குக் காலண்டர் பார்க்கத் தெரியாதம்மா, தெரிந்தால் திங்கட்கிழமையாகப் பார்த்து வாந்தி எடுத்திருக்கும் என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனை எடுத்தாள். கணையம் வீங்கியிருக்கிறதாம். மனுஷர்களுக்கு வருகிற மாதிரியே இதற்கும் வருமாம். கொழுப்பு உள்ளே போகிற ஒவ்வொரு தடவையும் அது தன்னைத்தானே அரித்துக்கொள்ளுமாம்.

"சின்ன பாடி ஆன்ட்டி. இன்னும் ரெண்டு தடவ இந்த மாதிரி ஆச்சுன்னா தாங்காது. யாரோ ஏதோ குடுக்கறாங்க."

யாரும் கொடுக்கவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். என் கணவர் மட்டும், "அப்போ ரொம்ப சீரியஸா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நாயைத் தடவிக் கொடுத்தார். அடப் பாவமே என்று எனக்கு அவர் மேலும் இரக்கமாக இருந்தது.

அடுத்த முறை அது ஜோவிதாவின் மேஜை மேலேயே எடுத்தது. அவள் அருவருப்புப் படாமல் ஒரு குச்சியால் கிளறி எனக்குக் காட்டினாள். உளுந்து வடைத் துண்டு. முழு மிளகு ஒன்று. நல்லெண்ணெய் வாசனை எனக்கே வந்தது. நாயை அங்கேயே வைத்துக்கொண்டு டிரிப் ஏற்ற வேண்டும் என்றாள். என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாணலி ஏற்றாத வீட்டில் வடை எங்கிருந்து வந்தது?

வந்திருக்கக்கூடிய வழி எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஷோபா. ஸ்ரீராமபுரத்திலிருந்து வருகிறவள். அவர்கள் தெருமுனையில் வடை போடுகிற கடை இருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். காலை டிபனைப் பொட்டலமாகக் கொண்டுவந்து பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள், கடுகு எதிரில் உட்கார்ந்து வாயைப் பார்க்கும். பாவம் பார்த்துப் போட்டிருப்பாள். இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கிளினிக்கிலிருந்து வந்த வேகத்தில், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதையான வார்த்தை. எத்தனை தடவை சொன்னேன், புத்தி வேண்டாமா, அந்த நாய் செத்தால் நீ திருப்பித் தருவாயா என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

ஷோபா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க வாந்தி எடுக்கசொல்ல பக்கெட்டு புடிச்ச கைம்மா இது. இந்தக் கையால அதுக்கு வெஷம் வெப்பனா?"

அப்போதும் எனக்குக் கோபம் இறங்கவில்லை. வேறு யார் கொடுப்பார்கள், சொல் என்றேன். அது அவளுக்குத் தெரியாது, ஆனால் சந்தேகப்பட்ட வீட்டில் அவளால் பாத்திரம் தேய்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தையும் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் கணவர் கூடத்தில்தான் இருந்தார். பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். ஒரு வார்த்தை, சமாதானமாக ஒரு வார்த்தை, அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். வேலைக்காரியை விரட்டிவிட்டேன் என்று என் மேல் கோபமாக்கும், இனிமேல் யார் பெருக்குவது என்று கவலையாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கடுகு டிரிப்போடு கிளினிக்கில் கிடந்தது. காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முன்காலில் முடியை மழித்து ஊசி செருகி, கட்டுப் போட்டிருந்தார்கள். போன வருஷம் என் கையில் போட்ட அதே கட்டு. என்னைப் பார்த்தால் வாலை மட்டும் ஒரு தடவை தரையில் தட்டும், தலையைத் தூக்க முடியாது. கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, கம்பிக்குள் ஒரு விரலை விட்டு அதன் பாதத்தின் மேல் வைத்துக்கொள்வேன். எனக்கு அது செய்ததில் பாதிகூட நான் அதற்குச் செய்யவில்லை. அலுப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இதற்கு நடுவில் எனக்கு வேறு, வருகிற புதன்கிழமை ஸ்கேனுக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சரி என்று வைத்துவிட்டேன். பயப்படக்கூடத் தெம்பில்லை.

எப்படியோ பிழைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றாள் ஜோவிதா. இன்னொரு தடவை என்றால் என்னைக் கேட்காதீர்கள் என்று கையையும் விரித்தாள். என் கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக அது அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு வந்தது. இப்போதெல்லாம் அதற்கு அவர்தான் உயிர். அவர் செருப்பைப் போட்டால் பின்னாலேயே ஓடும். பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலையில் எழுந்ததும் எனக்குக் குளியல், அப்புறம் பூஜை. அந்த நேரத்தில் நான் வேறு எங்கும் போவதில்லை. அன்றைக்கு ஷோபா இல்லாததால் குளிப்பதற்கு முன்னாலேயே பெருக்கிவிடலாம் என்று துடைப்பத்தோடு வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி மூடி மேல் என் கணவர் குந்தியிருந்தார். இதே மனுஷர் வாக்கிங் போகிறேன் என்று கிளம்பினவர். பக்கத்தில் ஓட்டல் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. பூஜை அலமாரியில் நான் விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய் பாட்டில் கீழே நின்றது. கையில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு வடை. கடுகு அவர் முழங்காலில் முன்கால்களை வைத்துக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, அந்த வடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். "இந்த ஒண்ணுதான். புதன்கிழமை வரைக்கும் தாங்கிக்கோ. அவளோடத நீ வாங்கிக்கோடி."

துடைப்பம் என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. சத்தம் கேட்டுத் திரும்பினார். என்ன பண்ணுகிறீர்கள் என்று நான் கேட்ட குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், சின்னப் பையன் மாதிரி. நான் நகரவில்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

ஸ்கேனில் புள்ளி தெரிந்த வாரம் யாரோ வாக்கிங் சிநேகிதர் சொல்லி ராஜாஜிநகரில் ஒரு ஜோசியரிடம் போயிருக்கிறார். கரண்ட் இல்லாத ஒயர் என்று சொன்ன மனுஷர். ஏதோ தசை, ஏதோ கிரகம், பரிகாரம் பண்ணினால் தள்ளிப்போகும் என்றிருக்கிறார் ஜோசியர். சனிக்கிழமைதோறும் உளுந்து வடையை நல்லெண்ணெயில் தோய்த்து, கறுப்பு நாய்க்குத் தன் கையால் ஊட்ட வேண்டும். ஒரு வெள்ளை முடிகூட இருக்கக் கூடாது. இவர் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார். ஒன்றுக்கு மார்பில் வெள்ளைத் திட்டு, இன்னொன்று வடையை விட்டுவிட்டு இவரைத் துரத்தியிருக்கிறது. அப்புறம்தான் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று தோன்றியதாம்.

இத்தோடு நின்றிருந்தால் அசடு என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். முதல் சனிக்கிழமை ஊட்டினார். ஞாயிற்றுக்கிழமை கடுகு வாந்தி எடுத்தது. திங்கட்கிழமை என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது, எல்லாம் நார்மல். அதைப் போய் ஜோசியரிடம் சொன்னாராம். வீட்டுக்கு வந்ததை அது வாங்கிக்கொள்கிறது, வாயில்லா ஜீவன் அப்படித்தான் வாங்கிக்கொள்ளும், நடுவில் விட்டுவிடாதீர்கள் என்றாராம். அதற்கப்புறம் நாய் துவளத் துவள இவருக்கு நம்பிக்கை ஏறியிருக்கிறது. கிளினிக்குக்குக் கூடவே வந்தது அதற்குத்தான். சீரியஸா என்று கேட்டது அதற்குத்தான். நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அது செத்துப்போயிடும்னு டாக்டர் சொன்னாளே. காதுல விழல?"

"விழுந்தது" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் பண்ணினேன். அதுவா நீயான்னா எனக்கு நீதான் வேணும், பாகி."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனுஷர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. கேட்க எனக்கு எவ்வளவோ ஆசை இருந்திருக்கிறது. அதைச் சொல்வதற்கு இவர் தேர்ந்தெடுத்த இடத்தையும் நேரத்தையும் பார். ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ஆனால் கடுகு இன்னும் அவர் முழங்காலில்தான் நின்றுகொண்டிருந்தது. அவர் கை கீழே இறங்கினால் போதும், வாங்கிக்கொள்ளும். யார் கொடுத்தாலும், எது கொடுத்தாலும், நம்பி வாங்கிக்கொள்ளும். அதற்கு வேறு என்ன தெரியும்?

கிட்டே போய் அவர் பின்னால் மறைத்திருந்த கையைப் பிடித்து இழுத்து, அந்த வடையைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஐயோ, துப்பு, துப்பிடு பாகி" என்று பதறி எழுந்தார். என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கப் பார்த்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு மென்றேன். வாய் முழுக்க எண்ணெய். வழக்கமாகக் குடலைப் புரட்டுகிற வாசனைதான். புரட்டவும் செய்தது. விடாமல் மென்று விழுங்கினேன். வீரம் ஒன்றும் இல்லை, வெறும் கோபம். பொட்டலத்தில் மிச்சம் இருந்ததையும் எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

"எனக்கு வந்தது என்னோடது. நானே வச்சுக்கறேன். அது தலையில கட்டாதீங்கோ."

அவர் அப்படியே தொட்டி மூடி மேல் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்க் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம் வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. பயமாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். புள்ளி என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து பயமாக இருக்கிறதாம். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லையாம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "நான் மட்டும் தூங்கறேன்னு நெனச்சேளா? கண்ண மூடிண்டு படுத்திருக்கேன், அவ்வளவுதான். எனக்கும் பயம்தான்."

சொல்லி முடித்ததும் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதன்கிழமை அங்கேயேதான் இருந்தது, அந்தப் புள்ளியும் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அன்று காலையில் முதல் தடவையாக அதை நான் தனியாகச் சுமக்கவில்லை. ஷோபா வீட்டுக்கு இன்றைக்கே போக வேண்டும், நான் மன்னிப்புக் கேட்பேன், வடை யார் கொடுத்தது என்பதை நீங்கள்தான் உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். முழித்துத்தான் ஆக வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அதற்குள் கடுகு அவர் கையைக் கண்டுபிடித்துவிட்டது. முகத்திலிருந்து இறங்கி மடியில் கிடந்த கையை, அழுகிறவரைத் தேற்றுகிற மாதிரி, நாக்கை நீட்டி நக்கப் போனது. விரலெல்லாம் நல்லெண்ணெய். நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினேன். மனுஷரையும் சேர்த்து எழுப்பிக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். துணி சோப்பை எடுத்து, விரல் இடுக்கு, நகக்கண், ரேகை என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன், எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. மறுபடி சோப்புப் போட்டேன். முடித்துவிட்டுக் கையை விட்டேன். அவர் இன்னொரு கையையும் நீட்டினார்.